லாடம் அடித்த கதவு

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் முப்பது வருஷம் தரகு பார்த்த எருத்தேன்பதிப் பொங்கியண்ணனுக்குப் பயம் என்று ஒன்று இருந்ததாகச் சொல்லுகிறவர்கள் அவரைச் சரியாக அறியாதவர்கள். அவரிடம் இருந்தது முன்யோசனை. தென்னந்தோப்பு வழியே போனால் தலையில் தேங்காய் விழும் என்ற முன்யோசனையால் ஊரைச் சுற்றிக்கொண்டு வெயிலில் போவார். பஸ் பாலத்தைத் தாண்டும்போது, பாலம் தாங்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற முன்யோசனையால், இருக்கையை விட்டுச் சற்றே எழுந்து தன் பாரத்தைக் குறைத்துக்கொள்வார். அந்தப் பாலம் இன்றுவரை இடியாமல் நிற்பதற்கு யார் காரணம் என்பது மராமத்து இலாகாவுக்குத் தெரியாது.

ஆளைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. நல்ல உயரம், காதைத் தொடுகிற மீசை. பெற்றவர்கள் வைத்த பெயரிலேயே அண்ணன் இருந்ததால், அவரைவிட மூத்தவர்கள்கூட அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டாக வேண்டும். முரட்டுக் காளையின் வாயைப் பிளந்து பல்லை எண்ணுவார். அறுத்துக்கொண்டு ஓடுகிற எருமையைக் குறுக்கே நின்று மறிப்பார். கொம்பு உள்ள எதனிடமும் அவர் தயங்கியதில்லை. கொம்பு இல்லாதவைதான் அவரை முன்யோசனையில் ஆழ்த்தின: மின்னல், பல்லி, டாக்டர், தந்தி, பொழுது சாய்ந்த பிறகு கதவைத் தட்டுகிற மனிதர்கள்.

அவருடைய பிழைப்பு வலது கையில் இருந்தது. மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. விற்கிறவன் பக்கத்துத் தரகர் ஒருவர், வாங்குகிறவன் பக்கத்துத் தரகர் ஒருவர். இருவர் கையும் ஒரு துண்டுக்கடியில் போய்விடும். பிடித்த விரல் எத்தனையோ அத்தனை விலை. ஒரு விரலை விட்டால் விலை இறங்குகிறது. கையை மொத்தமாக மூடி ஓர் அழுத்து அழுத்தினால் வியாபாரம் முடிந்தது. அதன்பிறகு பழைய கயிற்றை அவிழ்த்துவிட்டு, வாங்கியவன் கொண்டுவந்த புதுக் கயிற்றைக் கட்டி ஓட்டிப் போக வேண்டியதுதான். அழுத்திய கையை இல்லை என்று சொன்னவனுக்கு அந்தச் சந்தையில் மறுபடி யாரும் கை நீட்டியதில்லை. பொங்கியண்ணன் கையோ நடுங்காத கை என்று பெயர் வாங்கியது. கண்ணைக் கட்டிவிட்டுத் துண்டுக்கடியில் ஒரு கையை நீட்டினால், இது இன்னார் கை, இவர் காலையில் என்ன பலகாரம் தின்றார் என்பதுவரை சொல்லுவார் என்றும் ஒரு பேச்சு உண்டு. பலகாரம் மிகை. கை உண்மை.

ஊரார் மாட்டையெல்லாம் விற்றுக் கொடுத்த அந்தக் கை, ஒரே ஒரு உருப்படியை மட்டும் துண்டுக்கடியில் கொண்டுபோனதில்லை. அதுதான் செவலைக் கிடாரி. பிறந்த அன்றே தாய் செத்துப்போன கன்றை, மூங்கில் குழலில் பால் புகட்டி அவரே வளர்த்தார். பெண்மக்கள் இருவரையும் கட்டிக்கொடுத்தபோது அழாத மனிதர், செவலைக்கு மூக்கணாங்கயிறு குத்திய அன்று தோட்டத்துக்குள் போய் நின்றுகொண்டார்.

சக தரகன் ஆறுச்சாமி சந்தைக்குச் சந்தை கேட்பான்.

"ஏனுங்ணா, செவலை என்னைக்குங்க?"

"உன்ற தலையில கொம்பு மொளைக்கிற அன்னைக்கு."

இப்படியே கேட்டும் மறுத்தும் இரண்டு பேருக்கும் வயதாகிக்கொண்டிருந்தது.

எழுபத்து நாலாம் வருஷத்து மார்கழியில் கணவாய்க் காற்று வழக்கத்தைவிட மூர்க்கமாக வந்தது. பொங்கியண்ணன் வீட்டு வாசற்கதவு கிழக்கே பார்த்தது. கோயமுத்தூரிலிருந்து புறப்பட்ட காற்று, வழியில் எங்கும் நிற்காமல் நேராக வந்து அந்தக் கதவில்தான் முட்டிற்று. காற்று போதாதென்று கூடவே ஒரு செய்தியும் வந்தது. பக்கத்து ஊரில் யாரோ கதவைக் கீலோடு பெயர்த்து வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள். டீக்கடையில் காலையில் அவர்கள் நாலு பேராக இருந்தார்கள். மத்தியானம் பன்னிரண்டு பேராகி உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் அவர்களுக்கு ஒரு வித்தையும் வந்துவிட்டது.

"கொரலு மாத்திக் கூப்புடுவானாமுங்க. உங்க மச்சான் கொரலு, மாமன் கொரலு, எது வேணுமோ அது. தொறந்தீங்கன்னா முடிஞ்சுதுங்க."

பக்கத்து ஊரில் உண்மையில் தொலைந்தது இரண்டு ஆடுகள் என்றும், அதில் ஒன்று மறுநாளே தானாக வீடு திரும்பிவிட்டது என்றும் பிற்பாடு தெரிந்தது. ஆனால் பிற்பாடு தெரிவதை வைத்துக்கொண்டு முன்யோசனை செய்ய முடியாது.

ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்து வீடுவீடாக எச்சரித்துவிட்டுப் போனார். தமிழ் பேசுகிற ஊர்தான் என்றாலும், எல்லைக்கு இந்தப்பக்கம் சர்க்கார் பாஷை மலையாளம். இவரோ தெற்கே எங்கோ கடலோரத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். தமிழ் அறவே இல்லை. பொங்கியண்ணன் மனைவி பாவாத்தாள் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டவள். கட்டிக்கொண்டு வந்து இத்தனை வருஷமாகியும், மலையாளம் என்பது தமிழைச் சளி பிடித்த மூக்கால் பேசுவது என்ற எண்ணத்தை அவள் விட்டதில்லை.

"ராத்திரி குற்றியிடணம், கேட்டோ?" என்றார் போலீஸ்காரர். குற்றி என்றால் அவர் பாஷையில் தாழ்ப்பாள்; காதில் விழுவது குட்டி என்றுதான்.

பாவாத்தாள் கட்டுத்தாரையில் நின்ற செவலையைப் பார்த்தாள். "குட்டி போடறதுக்கு அது இன்னம் செனையே புடிக்கலீங்களே. அதுவும் ராத்திரிதான் போடோணும்னா எப்படீங்க?"

போலீஸ்காரர் சிரித்து, கையை ஆட்டி, "பேடிக்கண்டா, பேடிக்கண்டா" என்றார். அவர் பாஷையில் பேடி என்றால் பயம். பயப்படாதே அம்மா என்றுதான் சொன்னார். ஆனால் தமிழில் அது கோழையைப் பார்த்து எறிகிற வசவு. சைக்கிள் தெரு முனையைத் தாண்டுவதற்குள் பாவாத்தாள் உள்ளே ஓடினாள்.

"ஏனுங்க, ஒரு போலீசு வந்து நம்ம வாசல்ல நின்னு உங்களைப் பேடிங்கறானுங்க! அவனுக்கு ஆரு சொல்லியிருப்பா?"

கட்டிலுக்கடியில் நல்ல தாழ்ப்பாள் ஏதும் கிடக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்த பொங்கியண்ணன், அங்கிருந்தபடியே அதன் பொருளை விளக்கினார்.

மறுநாள் ஆசாரி சூசையப்பன் வந்தார். கதவைத் தட்டிப் பார்த்து, "நல்ல வேங்கைங்க. இதுக்கு ஒண்ணுமே செய்ய வேண்டியதில்லீங்க" என்றார். பொங்கியண்ணனுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. உடம்பில் ஒன்றுமில்லை என்று சொல்லும் டாக்டர் விஷயம் தெரியாதவர் என்பது அவர் கருத்து. ஆகவே கீல்கள் மாற்றப்பட்டன. குறுக்கே இரும்புப் பட்டைகள் ஓடின. பட்டைகளுக்கு நடுவில் தெரிந்த மரம் அவர் கண்ணை உறுத்தவே, சந்தையில் லாடம் கட்டுகிறவனிடம் கிடந்த தேய்ந்த லாடங்களை ஒரு கூடை வாங்கிவந்து, காட்டிய இடமெல்லாம் அடிக்கச் சொன்னார்.

"மாட்டுக்குத்தானுங்க லாடம். கதவு எங்கீங்க நடக்கப் போவுது?" என்றார் சூசையப்பன்.

"நடக்கக் கூடாதுன்னுதான் அடிக்கச் சொல்றேன்."

கடைசியாக, பழைய பாரவண்டியின் நுகத்தடி கதவுக்குப் பின்னால் குறுக்குக் கட்டையாக ஏறியது. சுவரில் பதித்த இரண்டு இரும்புக் கொண்டிகளுக்குள் அதைத் தள்ளிவிட்டால், யானை வந்து முட்டினாலும் யானைக்குத்தான் வலிக்கும். செவலை கட்டுத்தாரையிலிருந்து வீட்டுக்குள் ஆசாரத்துக்குக் குடிபெயர்ந்தது. விருந்தாளிகள் உட்காருகிற இடத்தில் அது படுத்து அசைபோட்டது. விருந்தாளிகள் வருவதும் இல்லை, வந்தாலும் உள்ளே விடுவதாக இல்லை.

முதல் தொல்லை அன்று சாயங்காலமே வந்தது. தண்ணீருக்குப் போன பாவாத்தாள் திரும்பி வந்து கதவைத் தட்டினாள்.

"ஏனுங்க, தொறங்க. இடுப்பு ஒடியுது."

உள்ளே பொங்கியண்ணன் மூச்சை அடக்கினார். குரல் பாவாத்தாளுடையதுதான். அதுதான் சந்தேகத்துக்கு இடம் கொடுத்தது.

"பாவாத்தாதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பாவாத்தாள் முதலில் கெஞ்சினாள். பிறகு திட்டினாள். அதன்பின், கல்யாணமான புதிதில் மாமனார் இருமினதற்கே அவர் போர்வைக்குள் ஒளிந்துகொண்ட சங்கதி முதலாக, அவளுக்கும் அவருக்கும் மட்டுமே தெரிந்த சில விஷயங்களை உரத்த குரலில் எடுத்துச் சொன்னாள். தெருவில் நாலு பேர் நின்று கேட்டார்கள். உள்ளே பொங்கியண்ணன் கதவை விட்டு ஓரடி பின்வாங்கினார். படுபாவிகள், வீட்டு ரகசியம்வரை விசாரித்து வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்!

கடைசியில் அவள் பின்பக்கம் பொடக்காணிச் சுவரில் ஏறிக் குதித்து உள்ளே வந்தாள். பின்சுவர் அவ்வளவு தாழ்வாக இருப்பதைப் பற்றி அவர் அப்போதும் யோசிக்கவில்லை. திருடன் வாசல் வழியாகத்தான் வருவான் என்ற மரியாதை அவருக்கு இருந்தது.

குரலை நம்ப முடியாது என்று ஆனபின், நம்பக்கூடியது ஒன்றுதான் மிஞ்சிற்று. சூசையப்பனை மறுபடி கூப்பிட்டு, லாடங்களுக்கு நடுவில் ஒரு கை நுழைகிற அளவு ஓட்டை போடச் சொன்னார். வருகிறவர் கையை உள்ளே நீட்ட வேண்டும். அவர் துண்டைப் போர்த்தி, பிடித்துப் பார்த்து, ஆளைத் தெரிந்துகொண்டு திறப்பார். துண்டு எதற்கு என்றால், துண்டில்லாமல் அவர் விரலுக்கு வேலை ஓடாது.

"இத்தன பூட்டும் போட்டு நடுவால ஓட்டையுமா?" என்றாள் பாவாத்தாள். "உள்ள வர்ற கை சும்மா இருக்குமுங்களா? நுகத்தடியத் தள்ளாதுங்களா?"

பொங்கியண்ணன் வெளியே போய் நின்று, தன் கையை ஓட்டைக்குள் விட்டுப் பரிசோதித்தார். முழங்கைக்கு மேல் போகவில்லை. "பாத்தியா? எட்டாது. ஆராலயும் முடியாது." அவருடைய புஜம் சந்தையிலேயே பருத்த புஜம் என்பது அந்தப் பரிசோதனையில் கணக்கில் வரவில்லை.

அன்று முதல் பாவாத்தாளும் கை நீட்டித்தான் தன் வீட்டுக்குள் வந்தாள். "கட்டிக்கிட்டு வந்ததுல இருந்து இவரு என்ற கையப் புடிச்சது இப்பத்தானுங்க. அதுவும் துண்டுக்கடியில" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தாள்.

ஊருக்கு இந்த ஏற்பாடு பழகிவிட்டது. அவர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறவர்கள், செருப்பைக் கழற்றுவதுபோல, தாமாகவே கையை ஓட்டைக்குள் விட்டார்கள். அந்தக் கதவைப் பற்றிய பேச்சு சந்தைவரை போயிற்று. கேட்கிறவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் தம் வீட்டுத் தாழ்ப்பாளை அன்றிரவு இன்னொரு தரம் ஆட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.

மகள் வீட்டில் விசேஷம் என்று பாவாத்தாள் பஸ் ஏறினாள். "வரலீங்களா?" என்று கேட்டதற்கு, "கதவை ஆரு பாத்துக்கறது?" என்றார் அவர். அன்று சந்தை நாள். போன கையோடு வெயில் இருக்கும்போதே திரும்பி வந்து, நுகத்தடியைத் தள்ளி, ஆசாரத்தில் செவலையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பொழுது இறங்கியது. காற்று ஏறியது. எல்லைக்கு அந்தப்பக்கமிருந்து அரிசி கடத்துகிறவர்கள் மூட்டையோடு வரப்பில் போகிற நேரம் அது. காலடிச் சத்தம் வந்து வந்து போயிற்று. தென்னை மட்டை ஒன்று விழுந்தது. செவலை காதை விறைத்தது. அவருக்கும் காது விறைத்தது. காற்று கதவை முட்டும்போது கதவு முழுவதும் அதிரும். லாடங்கள் எல்லாம் சேர்ந்து பல்லைக் கடிப்பதுபோல நறநறக்கும். அந்தச் சத்தத்துக்கு அவர் பழகிவிட்டார்.

அப்போது கதவு ஒரே இடத்தில் மட்டும் சத்தம் போட்டது.

டக், டக், டக்.

காற்றுக்கு விரல் முட்டி கிடையாது. வெளியே ஒரு குரல் ஏதோ சொல்லிற்று. காற்று அதைப் பிய்த்துப் பாதியைத்தான் உள்ளே விட்டது.

"...ங்ணா! ...ச்சாமி... தொற..."

ஆறுச்சாமி குரல். அசல் ஆறுச்சாமியின் குரல். வித்தைக்காரன் எவ்வளவு நன்றாகப் பழகியிருக்கிறான்!

ஓட்டை வழியாக ஒரு கை உள்ளே வந்தது.

அதைப் பிடிக்காமல் விடவும் முடியாது. விட்டால் அது எதையாவது தேடும். பொங்கியண்ணன் கும்பிடுவதுபோலத் துண்டை எடுத்து அதன்மேல் போர்த்தினார். கையை உள்ளே விட்டார். ஜில்லென்றிருந்தது. அளவு, விரலின் நீளம், நகம் எல்லாம் ஆறுச்சாமியுடையவை. ஆனால் அந்தக் கை நடுங்கியது. ஆறுச்சாமி கை துண்டுக்கடியில் நடுங்கி அவர் அறிந்ததில்லை. அப்படியானால் இது அவன் கை இல்லை. கையைக்கூட மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர்கள்!

ஐந்து விரலையும் இறுகப் பிடித்துக்கொண்டார். பிடித்தவுடன் அவருடைய நடுங்காத கையும் நடுங்க ஆரம்பித்தது. நடுக்கத்தில் ஒரு விரல் நழுவியது. இன்னொன்று நழுவியது. வியர்வையில் மூன்றாவதும் போயிற்று. இரண்டு விரல் மிச்சமிருந்தபோது வெளிக்கை சட்டென்று நடுக்கத்தை நிறுத்தியது. ஒரு கணம் யோசித்தது. பிறகு அவர் கையை மொத்தமாக மூடி, ஓர் அழுத்து அழுத்தியது.

முப்பது வருஷப் பழக்கத்தில் அவர் கையும் திருப்பி அழுத்தியது.

வெளிக்கை மறைந்தது. காலடிகள் ஓடின. பொங்கியண்ணன் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். செவலை அவர் தலைமுடியை நக்கிற்று. எவ்வளவோ முயன்றும் கள்ளனால் உள்ளே வர முடியவில்லை என்று அவருக்கு ஒரு பெருமைகூட வந்தது. விடியும்வரை அந்தப் பெருமை பல்லைக் கிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வெயில் ஏறியபின் ஆறுச்சாமி வந்தான். தோளில் புதுக் கயிறு.

"கயிறு மாத்தலாமுங்களாண்ணா?"

"எதுக்குப்பா கயிறு?"

"செவலைக்குத்தானுங்க. நேத்து சாயங்காலம் ஓட்டையில அஞ்சு வெரலுக்குச் சொல்லி ரெண்டு வெரலுக்கு எறங்குனீங்களே! நீங்க குடுத்துப்போட்டீங்க, நான் அழுத்திப்போட்டேன், நீங்களும் அழுத்துனீங்க. எனக்கே நம்ப முடியலீங்க. எங்க மனசு மாறிப்போவீங்களோன்னு ஒரே ஓட்டமா ஓடிப்போட்டேன்."

நேற்று வந்தது கள்ளன் இல்லை என்பது பொங்கியண்ணனுக்கு நிம்மதியைத் தரவில்லை. கள்ளன் என்றால் கதவைத் திறக்காமல் இருந்துவிடலாம். ஆறுச்சாமிக்குச் செவலையைக் கொடுத்தாக வேண்டும். அல்லது அழுத்திய கையை இல்லை என்று சொல்லிவிட்டு, சந்தையில் அந்தக் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிய வேண்டும்.

"அடுத்த சந்தையில பேசிக்கலாம்ப்பா" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

ஊரிலிருந்து திரும்பிய பாவாத்தாள் எல்லாவற்றையும் கேட்டாள்.

"பயத்துல நடுங்குச்சுன்னு சொல்லிப்போடுங்க. அதுக்கு ஏனுங்க இத்தன ரோசனை?"

"ஆருக்குப் பயம்?"

"சரி. அப்பக் கெடாரியக் குடுத்துப்போடுங்க."

அவர் செவலையைப் பார்த்தார். அது அவருடைய துண்டின் ஓரத்தைத் தின்றுகொண்டிருந்தது. அந்த வாரம் முழுவதும் அவருக்குக் கள்ளன் நினைப்பே வரவில்லை. அதைவிடப் பெரிதாக ஒன்று வயிற்றில் உட்கார்ந்துகொண்டது. கொடுத்தால் செவலை போயிற்று. இல்லை என்றால் கை போயிற்று. உண்மையைச் சொன்னால் மீசை போயிற்று.

சந்தையில் இந்த மாதிரி வழக்குகளைக் குத்தகைக்காரர் நாணு தீர்ப்பார். முடிகிற ஒவ்வொரு வியாபாரத்துக்கும் சுங்கம் வசூலிக்கிறவர் அவர். பாதி மலையாளம் பாதி தமிழாகப் பேசுவார். புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் தரகர்கள், வியாபாரிகள், மாடுகள்.

"பொங்கியண்ணா, கையி கொடுத்தோ இல்லயோ?"

"குடுத்தனுங்க."

"அழுத்தியோ?"

"அழுத்துனனுங்க. ஆனா..."

ஒரு எருமை கத்தி ஓய்ந்தது. தாய்மொழியில் தனக்குப் பயம் என்று பொங்கியண்ணன் பிறந்ததிலிருந்து சொன்னதில்லை. அது வாய்வரை வந்து, மீசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. அப்போதுதான் அவருக்கு இன்னொரு வழி தெரிந்தது. வரி கட்ட, மனுக் கொடுக்க, ரேஷன் கேட்க எல்லாவற்றுக்கும் ஒரு பாஷை இருக்கிறதே! சர்க்கார் பாஷையில் பயப்பட்டால் அது கோழைத்தனம் ஆகாது. விண்ணப்பம்.

விறைப்பாக நின்று, ஆபீஸில் பேசுகிற குரலில் சொன்னார்:

"எனிக்கு... பேடி ஆயிப்போயி."

உடுமலைப் பக்கத்து வியாபாரி ஒருவன், "என்னங்க, தன்னைத்தானே பேடிங்கறாரு?" என்று பக்கத்தில் கேட்டு அதட்டு வாங்கினான்.

பொங்கியண்ணனுக்கு ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. "அவன் கையும் நடுங்குச்சுங்க. அதனாலதான் கள்ளன்னு நெனைச்சனுங்க."

நாணு ஆறுச்சாமியைப் பார்த்தார். "நீ எந்தினா அந்நேரத்து அவிட போயி?"

ஆறுச்சாமி தன் கையிலிருந்த புதுக் கயிற்றின் முடிச்சை ஆராய்ந்தான்.

"அதொண்ணுமில்லீங்க," என்றான். "சந்தை முடிஞ்சு போறப்ப இருட்டிக்கிட்டு வந்துச்சுங்க. காத்து வேற. அண்ணன் ஊட்டுக் கதவு நல்ல கதவுன்னு சொன்னாங்க. ராத்திரிக்கு உள்ள படுத்துக்கலாமான்னு... எனக்கும் அந்தப் பேடிதானுங்க."

நாணு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது சரி. பேடிச்ச கை கச்சவடக்கை அல்லா. வியாபாரம் செல்லாது."

பொங்கியண்ணன் கண்ணை மூடித் திறப்பதற்குள் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"அப்பிடீன்னா போன சந்தையில நான் காளைய வித்தப்பவும் எனக்குப் பேடிதானுங்க! கள்ளன் பயத்துல கை ஒரே நடுக்கம். பாதி வெலைக்குப் போயிருச்சு!"

"எனக்கும் பேடிங்க! நான் வாங்குன எருமை பாலே கறக்க மாட்டேங்குது. நடுங்கிப்போயித்தான் வாங்குனேன்!"

"எனக்கு மார்கழி பொறந்ததுல இருந்து பேடிங்க!"

மீசை வைத்தவர், வைக்காதவர், காளை அடக்குகிறவர் எல்லோருக்கும் அந்த மாதம் முழுவதும் சர்க்கார் பாஷையில் பயம் இருந்தது அன்றுதான் வெளியே வந்தது. தமிழில் ஒருவர்கூடப் பயப்படவில்லை. விற்ற மாட்டைத் திருப்பிக் கேட்டார்கள். வாங்கிய மாட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். முடிவில் எல்லோரும் ஒரே குரலாக, கட்டிய சுங்கத்தைத் திருப்பித் தருமாறு நாற்காலியை நெருங்கினார்கள்.

அந்தக் கணத்தில் நாணுவுக்கு வந்தது எந்தப் பாஷையிலும் பயம்தான். நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டார்.

"நில்லு! நில்லு! நடுக்கம் காரணமே அல்லா! ஆர்க்கும் ஒந்நும் திருப்பித் தரில்லா. பொங்கியண்ணா, ரெண்டு கைக்கும் நடுவுல எந்தா உண்டாயிருந்து?"

"கதவுங்க."

"அதாணு! பலக! துண்டினு அடியில கையி மாத்ரம் இருக்கணும். பலக கூடாது. பலக வச்ச கச்சவடம் செல்லாது. உங்க கச்சவடத்துல பலக உண்டோ? இல்லல்லோ? போ, போ எல்லாரும்!"

கூட்டம் முணுமுணுத்துக் கலைந்தது. மறுநாளிலிருந்து வேலந்தாவளத்தில் யாருக்கும் எப்போதும் பயம் இருந்ததில்லை. ஆறுச்சாமி கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான். பொங்கியண்ணன் வீட்டுக்கு நடந்த வேகத்தைப் பார்த்தவர்கள், தென்னந்தோப்பு வழியாகவே போனார் என்று சாட்சி சொல்லுகிறார்கள். தேங்காய் ஒன்றும் விழவில்லை.

அன்று பொழுது சாய்கிற நேரம். பாவாத்தாள் கடைக்குப் போயிருந்தாள். ஓட்டை வழியாக ஒரு கை உள்ளே வந்தது. பொங்கியண்ணன் துண்டு போடாமலே தொட்டுப் பார்த்தார். நடுங்கியது. இப்போது அந்த நடுக்கம் அவருக்குத் தெரிந்த நடுக்கம். நுகத்தடியைத் தள்ளித் திறந்தார்.

"ஏனுங்ணா, இன்னைக்கு மட்டும்" என்றான் ஆறுச்சாமி.

"வாப்பா. சீக்கிரம் வா. கதவச் சாத்தோணும்."

இருவரும் செவலையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். கதவைக் காற்று முட்டியது. லாடங்கள் நறநறத்தன. ஆறுச்சாமி அந்தக் கதவை மேலும் கீழும் பார்த்து, "கெட்டிக் கதவுங்ணா" என்றான். பொங்கியண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார்.

டக், டக், டக்.

மீசையில் இருந்த கை அங்கேயே நின்றது.

"ஏனுங்க, தொறங்க! கை ரெண்டுலயும் சாமானம் இருக்குது."

ஆறுச்சாமி செவலையின் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு கிசுகிசுத்தான். "பாவாத்தாக்கா கொரலு மாதிரியே இருக்குதுங்ணா."

"அதானப்பா எனக்குப் பயமா இருக்குது" என்றார் பொங்கியண்ணன், தமிழில்.

"போய்ப் பாருங்ணா."

"நீ போய்ப் பாரு."

வெளியே யாரோ எதையோ தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. ஒரு பெருமூச்சு. ஓட்டை வழியாக ஒரு கை வந்தது. மெலிந்த கை. அது விரலைக் காட்டிக்கொண்டு காத்திருக்கவில்லை. முழங்கைவரை வந்தது. முழங்கை தாண்டியது. தோள்வரை வந்து, வளைந்து, ரொம்ப நாளாகப் பழகிய இடம்போல நேராக நுகத்தடியைத் தொட்டு, ஒரே தள்ளாகத் தள்ளியது. வளையல்கள் குலுங்கின.

"வளையல்கூடப் போட்டுக்கிட்டு வந்திருக்கானுங்ணா!" என்றான் ஆறுச்சாமி.

கதவு திறந்தது.